ரேடியேட்டரில் எலுமிச்சைப்புல்

ஞாயிற்றுக்கிழமை, இத்தாகுவா தேவாலய வாசலில், ஊரே பார்க்க எங்கள் கார் கொதித்து ஆவி விட்டது. முப்பது வயது வண்டிதான். ஆனால் சந்தைக்கும் பூசைக்கும் தவிர வெளியே போகாத வண்டி. அது எப்படிக் கொதிக்கும்? என் புருஷன் போர்ஃபிரியோ வானத்தைப் பார்த்து, "வெயில்" என்றான். தூறிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலையே முற்றத்தில் வேலையைத் தொடங்கிவிட்டேன். அப்பா எனக்கென்று கொடுத்த கார் அது, மெக்கானிக் கையில் விடமாட்டேன்.

"இன்னிக்கே எதுக்கு, நிமியா? எஞ்சின் சூடா இருக்குமே" என்று பின்னாலேயே வந்தான்.

"நேத்துலேருந்து நிக்குது. சூடா இருக்கிறது உன் மூஞ்சிதான்."

நாயைத் துரத்திவிட்டு, ரேடியேட்டருக்குக் கீழே தொட்டியை வைத்து, அடித்திருகைக் கழற்றினேன். பச்சையாக வரவேண்டிய கூலன்ட் துருநிறத்தில், தண்ணியாக வந்தது. யாரோ வெறும் தண்ணீரை ஊற்றியிருக்கிறார்கள். நான் ஊற்றவில்லை. பாதியில் ஒழுக்கு நின்றது. கம்பியை விட்டுக் குத்தி இழுத்தேன். நீளமாக ஒரு புல் வந்தது. பின்னாலேயே இன்னும் இரண்டு. முகர்ந்து பார்க்கவே வேண்டாம். எலுமிச்சைப்புல்!

தெரேரே என்கிற குளிர்ந்த இலைத்தேநீருக்கு ஊற்றும் தண்ணீரில் மூலிகை நசுக்கிப் போடாத வீடு எங்கள் ஊரில் கிடையாது. எங்கள் தண்ணீர்க் குடுவையில் புதினா மட்டும்தான். எலுமிச்சைப்புல் என் வாசற்படி ஏறி இரண்டு வருடம் ஆகிறது. அப்படியானால் வேறு எவளுடைய குடுவையோ என் ரேடியேட்டருக்குள் கவிழ்ந்திருக்கிறது.

எனக்கு எல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. வியாழக்கிழமைதோறும் நான் அக்கா வீட்டுக்குத் தைக்கப் போய்விடுவேன். இவன் கூட்டுறவுச் சங்கக் கூட்டத்துக்கு நடந்தே போவதாகச் சொல்வான். நடந்து போகிறவனுக்குத் தலையில் எண்ணெய் எதற்கு, இஸ்திரி போட்ட சட்டை எதற்கு? பாவி, என் அப்பா கொடுத்த காரிலேயேவா!

"எவ அவ?"

"எவளும் இல்ல."

"இந்தப் புல்லு தானா நடந்து வந்து உள்ள குதிச்சுதா?"

நான் மேல் மூடி வழியாக ஹோஸைச் செருகி, குழாயை முழுசாகத் திறந்துவிட்டேன். முப்பது வருடம் இவனோடு வாழ்ந்திருக்கிறேன்.

"சொல்லு, இல்லேன்னா இந்தத் தொட்டித் தண்ணிய உன் தலையில கொட்டுவேன்."

"மரிசெல்" என்றான்.

எங்கள் மகள். தர்பூசணி விற்கிறவன் பின்னால் போனாளென்று, அவள் நட்ட எலுமிச்சைப்புல் தூரை அன்றைக்கே பிடுங்கி எறிந்தவள் நான்தான்.

"பிரிபெபூய்ல இருக்கா. எட்டாம் மாசம். வாராவாரம் ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிட்டுப் போறேன். போன வியாழன் காக்குபே மேட்டுல வண்டி கொதிச்சுது. பக்கத்துல தண்ணி இல்ல. அவ குடுவையத்தான் ஊத்துனா."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா அம்மா கார் சாவிய ஒளிச்சு வச்சிருவான்னு அவதான் வேண்டாம்னா."

ஒளித்துத்தான் வைத்திருப்பேன். அது எனக்கே தெரிந்தபோது அழுகை வந்தது. அவன் பார்த்துவிடாமல் குனிந்து ஹோஸைப் பிடித்துக்கொண்டேன். தண்ணீர் தெளிவாக வந்த பிறகும் வெகுநேரம் ஓடவிட்டேன். பிறகு திருகை இறுக்கி, கூலன்டை ஊற்றி, எஞ்சினை ஓடவிட்டு, காற்றுக்குமிழ் அடங்கியதும் மூடியைப் போட்டேன்.

"வண்டிய எடு" என்றேன்.

"இன்னிக்குத் திங்கள்."

"கிழமை எனக்குத் தெரியும். அவகிட்ட ஒரு தூரு புல்லு கேட்டு வாங்கு."

"நீயே கேளு" என்றான், சாவியைக் கையில் எடுத்துக்கொண்டே.

காக்குபே மேட்டில் வெப்பம் காட்டும் முள் நடுவிலேயே நின்றது. மகளிடம் முதலில் என்ன சொல்வதென்று தெரியாமல், நான்தான் மூன்று தடவை வண்டியை நிறுத்தச் சொன்னேன்.