ரிப்காவின் விரல்

புதிதாக வந்த தாதி தன் சோற்றுப் பெட்டிக்குள் எட்டிப் பார்க்கிறாள் என்பதை றுமைஸா மூன்றாவது நாள்தான் உறுதி செய்துகொண்டாள். முதல் நாள் தற்செயல் என்று விட்டுவிட்டாள். இரண்டாம் நாள், மேசைக்கு மேசை சுகம் விசாரித்துக்கொண்டு வருகிற பிள்ளை, பார்வை எங்கேயாவது விழத்தானே செய்யும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். மூன்றாம் நாள் அப்படியில்லை. உசாந்தி என்ற அந்தத் தாதி றுமைஸாவின் தோளுக்குப் பின்னால் ஒரு நிமிடம் முழுதாக நின்றாள். வெள்ளைச் சோற்றையும், அதன் நடுவில் மஞ்சளாகப் பரவியிருந்த பருப்புத் தண்ணீரையும், பக்கத்திலிருந்த பால் விடாத தேநீரான பிளேன்ரியையும் பார்த்துவிட்டு, கையிலிருந்த கொப்பியில் ஏதோ எழுதிக்கொண்டு போனாள். றுமைஸா மூடியை எடுத்துப் பெட்டியைப் பாதி மறைத்தபடி மிச்சச் சோற்றைத் தின்று முடித்தாள்.

அந்தத் தையல் தொழிற்சாலைக்குத் தாதி ஒருத்தி வருவது இதுவே முதல் தடவை. நானூறு பெண்கள் வெளிநாட்டுக் கடைகளுக்குச் சட்டை தைக்கிற இடம் அது. தலையிடி என்றால் சூப்பர்வைசரிடம் ஒரு பனடோல். மயக்கம் என்றால் அரை நாள் லீவு, அந்த அரை நாளுக்காக மாத முடிவில் வருகைப்படி இல்லை. எட்டு வருடமாக அவளுக்குத் தெரிந்த வைத்தியம் இவ்வளவுதான். திடீரென்று போன மாதம் சாப்பாட்டுக் கூடத்துச் சுவரில் பெரிய படமொன்றை ஒட்டினார்கள். வேலைக்குப் போகும் பெண்களுக்கான ஆரோக்கிய உணவு என்று மேலே எழுதியிருந்தது. கீழே சிரித்த முகத்துடன் ஒருத்தி, அவள் முன்னே ஒரு கிளாஸ் பால், இரண்டு அப்பிள், வெட்டி அடுக்கிய பப்பாசி. அவள் எத்தனை மணிக்கு எழும்பினாள், எத்தனை மணிக்கு அவளுக்கு பஸ் என்பதெல்லாம் படத்தில் இல்லை. ஏறாவூரில் றுமைஸாவின் தெருவில் அப்பிள் என்பது, ஆஸ்பத்திரியில் கிடக்கிற யாரையாவது பார்க்கப் போகிறவர்கள் வாங்குகிற சாமான்.

படம் ஒட்டிய மறு கிழமை உசாந்தி வந்தாள். மாங்கேணிப் பக்கத்துப் பிள்ளை, இருபத்தைந்து இருபத்தாறு வயதிருக்கும். ஒவ்வொருவராகத் தராசில் ஏற்றினாள். காலையில் என்ன சாப்பிட்டீங்க என்று கேட்டாள். சில பெயர்களுக்குப் பக்கத்தில் சிவப்புப் பேனையால் ஒரு புள்ளி வைத்தாள். அந்தப் புள்ளிதான் எல்லோருடைய வாயிலும் விழுந்தது.

“சும்மா நேர்ஸ் வச்சுத் தாறானுகள் எண்டு நினைக்காத புள்ள,” என்றாள் ரிப்கா, கைகழுவுகிற இடத்தில் வைத்து. பக்கத்து வரிசையில் கொலர் தைக்கிறவள் அவள், றுமைஸாவோடு ஒரே பஸ்ஸில் வருகிறவள். “போன மாசம் மூணு பேர நிப்பாட்டினானே, ஆர் ஆரு? லீவு கூடுதலா எடுத்த ஆக்கள். இனி ஆரு விழுவாங்க எண்டு முன்கூட்டியே பாக்கிறான். புள்ளி விழுந்தா போச்சு.”

றுமைஸா சிரித்தாள். ஆனால் அந்தப் பேச்சு அவளோடு பஸ்ஸில் ஏறி வீடுவரை வந்தது. கணவன் றமீஸின் த்ரீவீலர் ஓடுகிற நாளும் உண்டு, கராஜில் நிற்கிற நாளும் உண்டு. மாதம் தவறாமல் வீட்டுக்கு வருவது அவளுடைய சம்பளம் ஒன்றுதான். விடிய நாலரைக்கு எழும்பி, சோறும் கறியும் ஆக்கி, நான்கு பேருக்கும் கட்டி, மகனுடைய சட்டையை இஸ்திரி போட்டு, ஒரு பிளேன்ரியைச் சீனியோடு குடித்துவிட்டு ஓடினால்தான் ஆறேகால் பஸ். காலையில் அவள் கடைசியாக எப்போது உட்கார்ந்து சாப்பிட்டாள் என்று கேட்டால் நோன்புப் பெருநாளைத்தான் சொல்ல வேண்டும். ஆனால் அதை ஏன் ஒரு கொப்பியில் எழுத வேண்டும், அந்தக் கொப்பி யாருடைய மேசைக்குப் போகும்?

அதனால் அவள் பொய் சொல்லத் தொடங்கினாள். “புட்டும் மீனாணமும், மிஸ்.” அடுத்த முறை, “றொட்டி, கட்ட சம்பல், அவிச்ச முட்டை ஒண்டு.” பொய் பழகப் பழக அதில் ருசியும் வந்தது. ஒருநாள் பால்கஞ்சிகூடக் குடித்தாள். உசாந்தி ஒவ்வொன்றையும் தலை நிமிராமல் எழுதினாள். நம்புகிறாளா இல்லையா என்று முகத்தில் தெரியவில்லை. அதுதான் றுமைஸாவை உறுத்தியது. நம்பாதவள் ஏன் கேட்டுக்கொண்டே இருக்கிறாள்?

பிறகு ஒரு புதன்கிழமை எல்லோருக்கும் விரலில் குத்தி இரத்தம் பார்க்கப் போகிறார்கள் என்று அறிவித்தார்கள். வாய் சொல்கிற பொய்யை விரல் சொல்லாது. படி ஏறினால் மூச்சு வாங்குவது, நகம் வெளுத்துக் கிடப்பது, குனிந்து நிமிர்ந்தால் கண்ணுக்குள் கறுப்பு வளையம் சுற்றுவது எல்லாம் அவளுக்குத் தெரியும். மூன்று மாதமாகத் தெரியும். றமீஸிடம்கூடச் சொல்லவில்லை. ரிப்காவிடம் சொன்னாள். ரிப்காவிடம் ஒரு வழி இருந்தது.

“எல்லாருக்கும் ஒரே நீலக் கோட்டு, ஒரே தொப்பி, மூஞ்சில மாஸ்க். அவ வந்து ஒரு மாசம் இல்ல. எங்கட வரிசைக்குக் கூப்பிடக்குள்ள நான் போறன். ஒண்ட வரிசைக்குக் கூப்பிடக்குள்ளயும் ஒண்ட பேரச் சொல்லி நானே போறன்.”

அப்படியே நடந்தது. றுமைஸா கழிவறைக்குள் நின்று நூறுவரை எண்ணினாள். திரும்பி வந்த ரிப்கா இரண்டு கைகளையும் கோட்டுப் பைக்குள் விட்டிருந்தாள். “பன்னிரண்டு புள்ளி எட்டாம். ஒனக்கும் எனக்கும் ஒரே ரெத்தம் புள்ள,” என்று சொல்லிச் சிரித்தாள்.

றுமைஸாவின் பெயரில் புள்ளி விழவில்லை. விழவில்லை என்ற நிம்மதி பகல் சாப்பாடுவரைதான். சிவப்புப் புள்ளி விழுந்தவர்களை உசாந்தி ஒரு மேசைக்குக் கூப்பிட்டு ஆளுக்கொரு அவித்த முட்டையும் மாத்திரைகள் அடுக்கிய ஒரு மட்டைக் குளிசையும் கொடுத்தாள். முட்டையைத் தினமும் கொடுத்தாள். ஐம்பது அறுபது பேர் இருப்பார்கள். றுமைஸா தூரத்திலிருந்து அவர்களைப் பார்த்தாள். ஒரு கிழமையாயிற்று, இரண்டு கிழமையாயிற்று, ஒருத்தியையும் நிறுத்தவில்லை. மாத முடிவுக்குக் காத்திருக்கிறார்கள் என்று நினைத்தாள். மாதமும் முடிந்தது. கையிலிருக்கிற வெளிநாட்டு ஓடர் முடியக் காத்திருக்கிறார்கள் என்று நினைத்தாள்.

அடுத்த வியாழக்கிழமை அவள் ஒரு கட்டுச் சட்டைக்கு, இருபத்துநாலு சட்டைக்கு, இடக்கையை வலப்பக்கமும் வலக்கையை இடப்பக்கமும் வைத்துத் தைத்து அனுப்பியிருந்தாள். சூப்பர்வைசர் கத்தவில்லை. கட்டைக் கொண்டுவந்து மெசினில் வைத்துவிட்டு அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். எட்டு வருடத்தில் அவள் இப்படிச் செய்ததில்லை. பிரிக்கிறேன் சேர் என்று சொல்லிக் குனிந்தவளுக்கு நூல் இரண்டு மூன்றாகத் தெரிந்தது. முகம் கழுவிவிட்டு வருகிறேன் என்று எழும்பினாள். கழிவறைக் கதவைப் பிடித்தது நினைவிருக்கிறது. பிறகு சீமெந்துத் தரையின் குளிர்ச்சியும், பிடரியில் யாரோ ஈரத்துணி வைப்பதும்.

“எழும்பாதீங்க அக்கா. தலைய முழங்கால்ல வைங்க.” உசாந்தி.

கொஞ்ச நேரம் கழித்து வழமையான கேள்வி வந்தது. “காலையில என்ன சாப்பிட்டீங்க?”

“இடியப்பமும் முட்டைச் சொதியும், மிஸ்.”

உசாந்தி கொப்பியை எடுக்கவில்லை. கதவைச் சாத்திவிட்டு வந்து, தானும் அந்த ஈரத் தரையில் குந்தினாள்.

“அண்டைக்கு நான் குத்தினது உங்கட விரல் இல்ல,” என்றாள் குரலை உயர்த்தாமல். “உங்கட பேரச் சொல்லிக்கொண்டு வந்தவட மற்றக் கையில, நான் முதல் வச்ச பஞ்சு அப்பிடியே ஒட்டிக்கொண்டிருந்தது.”

றுமைஸா முழங்காலிலிருந்து தலையைத் தூக்கினாள். மறுக்கலாமா என்று ஒரு கணம் பார்த்தாள். ரிப்காவையும் சேர்த்து மாட்டிவிடுவோமோ என்று பயந்தாள். “அப்ப ஏன் மிஸ் அத என்ட பேரில எழுதினீங்க?”

“நீங்க பயப்பிடுறதுல பிழையில்ல எண்டு தெரிஞ்சபடியால.” உசாந்தி கதவைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். “ஒப்பீஸில கேட்டவங்க. ரெத்தம் குறைஞ்ச ஆக்கள்ட பேர் வேணுமாம். நான் எத்தின பேர் எண்டு மட்டும் எழுதிக் குடுத்தன். பேரும் வேணும் எண்டு ரெண்டாந்தரம் கேட்டிருக்காங்க.”

“குடுப்பீங்களா?”

“இன்னும் குடுக்கல்ல. எனக்கும் இது ஆறு மாசக் கொன்றாக்ட்தான் அக்கா.”

றுமைஸா அவளை உற்றுப் பார்த்தாள். இது உண்மையா, அல்லது தன் வாயைப் பிடுங்க விரிக்கிற வலையா? உண்மையாகவே இருந்தாலும், கொடுக்கவில்லை என்கிறவள் கொடுக்கமாட்டேன் என்று சொல்லவில்லையே. உசாந்தி பையிலிருந்து ஒரு மட்டைக் குளிசையை எடுத்து நீட்டினாள். அது நீட்டியபடியே இருந்தது.

“இது வேணாமெண்டா விடுங்க. சனிக்கிழமை உங்கட ஊர் கிளினிக்கில போய் ரெத்தம் பாருங்க, அந்த ரிப்போட்டுத் துண்டு இஞ்ச வராது. ஆனா நான் சொல்றதக் கேளுங்க. சோத்தோட ரீ குடிக்காதீங்க, சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் போகட்டும். சாப்பாட்டில இருக்கிற இரும்பு உடம்பில சேராம அது மறிச்சிரும். வேலியில முருங்கை நிக்கும்தானே, இலையச் சுண்டி, அடுப்பால இறக்கினாப் பிறகு தேசிக்காய்ப் புளி விடுங்க. ரெண்டு நெத்தலிக் கருவாடு போடுங்க. மீன் ஆக்கினா உங்கட தட்டிலயும் ஒரு துண்டு வைங்க. அந்தச் சுவரில கிடக்கிற அப்பிளெல்லாம் தேவல்ல.”

றுமைஸா குளிசை மட்டையை வாங்கி உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டாள். மாத்திரைக்காக அல்ல, அந்தப் பிள்ளை கதவைத் திறந்து போகட்டும் என்பதற்காக.

பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தது. வாவி வெயிலில் தகடுபோலக் கிடந்தது, ஒரு தோணியில் இரண்டு பேர் வலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். அவள் மட்டையை வெளிச்சத்தில் பிடித்துக் காலாவதித் திகதியை இரண்டு தரம் பார்த்தாள். இலக்கம் புரிந்தது, மற்ற ஆங்கில எழுத்துகள் புரியவில்லை. ஏதாவது வேறு குளிசையாக இருந்தால்? வீட்டுக்கு வந்ததும் மூத்தவள் றுக்ஷானாவைக் கூப்பிட்டாள். ஒன்பதாம் வகுப்பு படிக்கிறவள், ஆங்கிலம் நன்றாக வாசிப்பாள்.

றுக்ஷானா மட்டையைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. “இது இரும்புக் குளிசை உம்மா. எங்கட ஸ்கூல்லயும் கிழமைக்கு ஒண்டு தாறாங்க.”

“நீ எனக்கிட்டச் சொல்லல்லயே. குடிக்கிறியா?”

பிள்ளை தயங்கினாள். “இல்ல. வாயில போட்டுட்டு வெளிய போய்த் துப்பிடுவன்.”

“ஏன்?”

“நீங்கதானே உம்மா சொல்ற, ஆரும் சும்மா ஒண்டும் தரமாட்டாங்க எண்டு.”

றுமைஸா அவளைக் கிட்டக் கூப்பிட்டு, வாசல் வெளிச்சத்தில் நிறுத்தி, கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்த்தாள். உசாந்தி மற்றவர்களுக்கு அப்படிச் செய்வதை அவள் பார்த்திருக்கிறாள். என்ன தேடவேண்டும் என்று அப்போது தெரிந்திருக்கவில்லை. இப்போது தெரிந்தது. உள்ளே சிவப்பாக இருக்க வேண்டிய இடம் கழுவி வெளுத்த துணிபோல இருந்தது. “என்ன உம்மா?” என்று பிள்ளை முகத்தை விலக்கிக்கொண்டாள்.

அன்று இரவுச் சாப்பாட்டில் அவள் மகளைக் கவனித்தாள். இத்தனை நாளும் எப்படிக் காணாமல் விட்டாள் என்று இருந்தது. தம்பிக்குப் பெரிய துண்டு, வாப்பாவுக்கு அடுத்தது என்று மீனை எடுத்து வைத்தது றுக்ஷானாதான். தனக்கு ஆணத்தை, வெறும் குழம்பை மட்டும் ஊற்றிக்கொண்டு, பக்கத்தில் பிளேன்ரியை வைத்துக்கொண்டாள். யாரும் அவளுக்கு அதைச் சொல்லிக் கொடுக்கவில்லை.

விடிய அவள் வழமையைவிட முன்னதாக எழும்பினாள். வேலியில் முருங்கை இலை ஒடித்து உருவிச் சுண்டினாள், இறக்கிய பிறகு தேசிக்காய் பிழிந்தாள். ராத்திரி எடுத்து வைத்த இரண்டு கீரி மீனைப் பொரித்தாள். ஒன்றை மகளின் தட்டிலும் மற்றதைத் தன் தட்டிலும் வைத்து, அடுப்படித் தரையில் உட்கார்ந்தாள். றமீஸ் எட்டிப் பார்த்தான்.

“என்ன புள்ள, இண்டைக்கு வேலைக்குப் போகல்லயா?”

“போறன். சாப்பிட்டுட்டுப் போறன்.”

அவன் வாளியை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனான்.

றுக்ஷானா பள்ளி உடுப்போடு வந்து நின்றாள். பசிக்கவில்லை என்றாள். ரீ போதும் என்றாள். ரீ பிறகு தருவதாக உம்மா சொன்னதும் சந்தேகமாகத் தட்டைப் பார்த்தாள், உம்மாவைப் பார்த்தாள். “தம்பிக்கு?”

“அவனுக்கு வேற இரிக்கி. இரு.”

“நீங்க திங்குவீங்களா?”

“ஓம்.”

பிள்ளை உட்கார்ந்தாள். ஆனால் கை வைக்கவில்லை. தன்னைச் சாப்பிட வைத்துவிட்டு, உம்மா தன் மீனைத் திரும்பச் சட்டிக்குள் போட்டுவிடுவாள் என்று அவள் நினைக்கிறாள். றுமைஸாவுக்கு அது விளங்கியது. அடுத்த புதன்கிழமை மறுபடியும் விரலில் குத்துவார்கள். இரத்தம் பார்க்கிற இடத்துக்குத் தானே போவதா, ரிப்காவை அனுப்புவதா என்று அவள் இன்னும் முடிவெடுக்கவில்லை. குளிசை மட்டை சீனிப் போத்தலுக்குப் பின்னால் கிடந்தது, ஒரு குளிசையும் எடுக்காமல். சாப்பிட்டால் பஸ் கிடைக்குமா என்பதும் தெரியாது. அவள் மீனின் நடுத்துண்டைப் பிய்த்துச் சோற்றோடு பிசைந்து வாயில் வைத்தாள்.

மகள் அவள் மெல்லுகிறாளா என்று பார்த்தாள். விழுங்குகிறாளா என்று பார்த்தாள். பிறகுதான் தன் மீனில் கை வைத்தாள். ஒருத்தி இன்னொருத்தியின் தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் இருவரும் சாப்பிட்டார்கள். வெளியே விடிந்துகொண்டு வந்தது. இரண்டு தட்டுகளின் ஓரத்திலும் மெல்லிய வெள்ளை முட்கள் ஒவ்வொன்றாகச் சேர்ந்துகொண்டிருந்தன.