நாட்டின் மச்சினன்

என் அக்காவை நாட்டுக்குத்தான் கட்டிக்கொடுத்திருக்கிறோம்.

ஊரறிந்த விஷயம். நாங்கள் மலையில் தேன் எடுக்கிற குறும்பர். அக்கா பேர் கெம்பி. நான் கேத்தன், அவளுக்குத் தம்பி. நாடு எனக்கு மாமா முறை.

மாமா பார்க்க லட்சணமாகத்தான் இருப்பார். நடுத்தர உயரம். கொஞ்சம் தொப்பை. கழுத்தில் எப்போதும் ஏதாவது ஒரு மாலை கிடக்கும். யார் போட்டது என்று கேட்டால் அவருக்கே தெரியாது. வீட்டுக்கு வந்ததும் கழற்றி ஆட்டுக்குப் போட்டுவிடுவார். எங்கள் ஆடுகளுக்கு இப்போது சம்பங்கி இல்லாமல் சாப்பாடு இறங்குவதில்லை.

கல்யாணமான புதிதில் மனுஷனிடம் ஒன்றுமே இல்லை. வெறும் பரப்பளவோடு வந்து நின்றார். அக்காதான் அவரை ஆளாக்கினாள். ஆறுகளுக்குப் பேர் வைத்தாள். மலைகளுக்கும் வைத்தாள். பஞ்சம் வந்தால் எந்தக் கிழங்கைத் தோண்டுவது, எதை மண்ணிலேயே விட்டுவைப்பது என்று சொல்லிக்கொடுத்தாள். இன்றைக்கு அவர் ரோடு போட்டிருக்கிற இடமெல்லாம் அக்கா விறகுக்குப் போன தடம். வளைவுகூட மாற்றவில்லை. அந்த வளைவில் அன்றைக்கு ஒரு யானை நின்றுகொண்டிருந்தது. அதனால்தான் அக்கா வளைந்து போனாள். இப்போது பஸ்ஸெல்லாம் வளைகின்றன.

அவருக்கு ராத்திரி தூக்கம் வராது. அக்கா தாலாட்டுப் பாடித் தூங்கவைப்பாள். அந்தப் பாட்டுக்கு இப்போது எல்லோரும் எழுந்து விறைப்பாக நிற்கிறார்கள். அக்கா மட்டும் பழக்கதோஷத்தில் கொட்டாவி விடுவாள். அதற்கு ஒரு தடவை போலீஸ் வந்து கண்டித்துவிட்டுப் போனது.

மாமாவிடம் ஒரு கோளாறு உண்டு. மைக்கில் என்ன சொன்னாலும் அது அப்படியே ஆகிவிடும். ஒரு சித்திரையில், சும்மா பேச்சுக்கு, "என்ன இதமான காற்று" என்றார். கோடை அன்றைக்கே முடிந்துவிட்டது. மாங்காயெல்லாம் பாதியில் நின்றுபோனது. அந்த வருஷம் முழுக்க ஊறுகாய்தான்.

இன்னொரு கோளாறும் உண்டு. வருஷத்துக்கு ஒருமுறை, தான் யார் என்பதே அவருக்கு மறந்துபோகும். வருஷாவருஷம் அவருக்கு எடுக்கிற விழா நெருங்க நெருங்க முற்றும். வெயிலில் கம்பளிக் கோட்டு போட்டுக்கொள்வார். கண்ணாடி முன்னால் நின்று, "சாருக்கு என்ன வேணும்?" என்று கேட்பார். போன தடவை சொந்தக் கடலிலேயே கால் நனைக்க அனுமதி கேட்டு வரிசையில் நின்றார். கடலுக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

மருந்து எங்கள் பாறையில் இருக்கிறது. கீழே ஆள் எட்டிப் பார்க்கப் பயப்படும் பள்ளம். அதன் மேல் மலைத்தேன் அடையடையாகத் தொங்கும். அதில் ஒரு வாய் தின்றால் மாமாவுக்கு எல்லாம் திரும்பிவிடும். என்ன பாடுவது, என்ன உடுத்துவது, எதற்கு அழுவது, எல்லாம். ஆனால் அவரே கயிற்றில் இறங்கி எடுக்க வேண்டும்.

கயிற்றை மேலே பிடிக்கிறவன் இறங்குகிறவனுக்கு மச்சினனாக இருக்க வேண்டும். பெண்டாட்டியின் கூடப்பிறந்தவன். எங்கள் ஆட்களுக்கு இது தெரிந்த கணக்கு. அண்ணன் தம்பி பிடித்தால் பங்கு ஞாபகம் வரும். சிநேகிதன் பிடித்தால் பேச்சு சுவாரசியத்தில் விட்டுவிடுவான். மச்சினன் விடமாட்டான். விட்டால் அவன் அக்காதானே தாலி அறுக்க வேண்டும்.

எங்கள் வீட்டில் இன்னொன்றும் உண்டு. பெண்டாட்டி கயிற்றைத் தொடவே கூடாது. கோபம் வந்தால் விட்டுவிடுவாள். பாசம் வந்தால் தேன் எடுப்பதற்கு முன்பே இழுத்துவிடுவாள்.

ஆகவே வருஷாவருஷம் நான்தான் பிடிக்கிறேன்.

இந்த வருஷம் விழாவுக்கு அக்காவும் நானும் சேர்ந்தே போனோம். மைதானத்தில் முன்வரிசை முழுக்க மலைகள் உட்கார்ந்திருந்தன. நாற்காலி பத்தாமல் ஒரு சின்னக் குன்று ஓரமாக நின்றது. அக்காவைப் பார்த்ததும் எல்லாம் எழுந்துகொண்டன. பேர் வைத்தவளாயிற்றே. "உக்காருங்க, உக்காருங்க" என்றாள் அக்கா.

வாசலில் ஒரு அம்மாள் எங்களை நிறுத்தினார். உறவுமுறை இயக்குநர். பேர் சுகுணவதி. புது அலுவலகம், புதுப் புடவை.

"கலைக்குழு பின்வாசல் வழியா," என்றார்.

"மேடம், இவங்க அவரோட சம்சாரம்," என்றேன்.

"சம்சாரம் எல்லாம் எந்த நிகழ்ச்சியிலயும் இல்லையே. மயிலாட்டம் இருக்கு, பரிசளிப்பு இருக்கு, கலைக்குழு இருக்கு."

எனக்கு வந்ததே கோபம். ஆனால் அக்கா என் கையைப் பிடித்து அழுத்தினாள். "விடுடா. அவருக்கு உடம்பு சரியில்லாத நேரம்" என்றாள். பின்வாசல் வழியாகப் போனாள். திரும்பி வரும்போது அவள் தலையில் இறகு செருகியிருந்தது. எங்கள் ஊரில் இறகு வைத்துக்கொள்கிற வழக்கம் கோழிக்கு மட்டும்தான்.

மாமா மேடை ஏறினார். கம்பளிக் கோட்டு. கண்ணில் வெறும் வெளிச்சம். யாரோ எழுதிக்கொடுத்ததைப் படித்தார்.

"நான் சுயம்பு. எல்லாம் என்னிடமிருந்தே வந்தது. எனக்கு யாரும் எதுவும் தந்ததில்லை."

கைதட்டல் காதைப் பிளந்தது. மலைகள் மட்டும் தட்டவில்லை.

நான் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மேடையில் ஏறினால் யார்தான் அளக்கவில்லை? விழா முடிந்ததும் கயிற்றை எடுத்துக்கொண்டு, மாமாவையும் கூட்டிக்கொண்டு பாறைக்குப் போனேன்.

மைதானத்துக்கும் பாறைக்கும் நடுவே ஒரு தாழ்வாரம் உண்டு. போன வருஷம் குட்டையாக இருந்தது. இந்த வருஷம் நன்றாக வளர்ந்திருந்தது. நடுவில் ஒரு டீக்கடை முளைத்திருந்தது. மாமாவும் நானும் ஆளுக்கொரு டீ குடித்தோம். "தம்பி எந்த ஊரு?" என்று கேட்டார். "உங்க ஊருதான்" என்றேன். "அப்படியா? நல்ல ஊரா?" என்றார். பாவமாக இருந்தது.

உச்சியில் அவர் இடுப்பில் கொடிக்கயிற்றைக் கட்டினேன். புகைக்கு இலைக்கட்டைக் கொளுத்திக் கையில் கொடுத்தேன். சட்டையில் குத்தியிருந்த மைக்கை அவர் கழற்றவில்லை. இறங்கினார்.

பாதி தூரம் போயிருப்பார். கயிறு என் கையில் நிற்கவில்லை.

வழுக்கவில்லை. அறுபடவில்லை. பஸ்ஸில் தெரியாத ஆள் பக்கத்தில் உட்கார்ந்தால் கொஞ்சம் கொஞ்சமாக நகர்வோமே, அப்படி நகர்ந்து போனது. நான் இறுக்க இறுக்க அது விலகியது. மரத்தில் ஒரு சுற்றுப் போட்டேன். மரம் தொண்டையைச் செருமிவிட்டுத் தள்ளி நின்றுகொண்டது.

அப்போதுதான் உறைத்தது. அடப்பாவி மனுஷா! மைக்கில் அல்லவா சொல்லிவிட்டார்!

பின்னாலேயே சுகுணவதி அம்மாள் வந்தார். மூச்சு வாங்கியது.

"நீங்க யாரு இங்க?"

"மச்சினன்."

"யாருக்கு?"

"கீழ தொங்கறவருக்கு."

"அவர் சுயம்பு. சுயம்புவுக்குச் சம்சாரம் கிடையாது. சம்சாரம் இல்லாம மச்சினன் எப்படி?"

"அப்ப இந்தக் கயிறு?"

"அது சுற்றுலாவுல வரும்."

"அம்மா தாயே, மனுஷன் விழுந்துருவாருங்க!"

அந்தம்மாள் எட்டிப் பார்த்தார். முகம் வெளுத்தது. உடனே ஃபோன் போட்டு, நல்ல மச்சினன்களாக அனுப்பச் சொன்னார். தாழ்வாரம் வழியாக ஒரு கூட்டம் வந்து சேர்ந்தது. எல்லோரும் பெரிய மனுஷர்களின் மச்சினன்கள். வெள்ளை வேட்டி, வெள்ளைக் கார். ஒருவர் கயிற்றைத் தொட்டுப் பார்த்து, "இதுல நமக்கு என்ன நிக்கும்?" என்றார். இன்னொருவர் பாறையையே மொத்தமாக எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். ஒருவர் கையிலும் கயிறு நிற்கவில்லை. டீ குடித்துவிட்டுப் போனார்கள்.

கயிறு தீர்ந்துகொண்டிருந்தது. எனக்கு அழுகை முட்டியது. மாமா மேல் ஆத்திரம் இல்லாமல் இல்லை. ஆனால் அவர் விழுந்தால் என் அக்கா விதவைகூட ஆக முடியாது. கல்யாணமே ஆகாதவள் எதை வைத்து அழுவாள்? தலையில் இறகோடு பின்வாசலில் நின்றுகொண்டிருப்பாள், அவ்வளவுதான்.

குனிந்து கத்தினேன். "மாமா! மாத்திச் சொல்லுங்க! உங்களுக்குக் கல்யாணம் ஆயிருச்சுன்னு சொல்லுங்க!"

"எனக்கா?" குரல் சந்தோஷமாக வந்தது. "எப்ப?"

"ரொம்ப முன்னாடி!"

"பொண்ணு யாரு?"

"கெம்பி!" என்று கத்தினேன். அந்தப் பேர் கீழே போகவில்லை. விழாவில் எங்குமே சொல்லப்படாத பேர் என்பதால் பாதி வழியில் நின்று, வழி கேட்டு, திரும்பி வந்துவிட்டது.

"என்ன தம்பி, கேக்கல!" என்றார் மாமா.

தோளில் யாரோ தட்டினார்கள். அக்கா. இறகைப் பிடுங்கி இடுப்பில் செருகியிருந்தாள்.

"குடு இங்க," என்றாள்.

"அக்கா, நீ தொடக் கூடாது."

"ஏன்டா?"

"நீ அவர் பொண்டாட்டி."

"யாரு சொன்னா?" அக்கா சுகுணவதி அம்மாள் பக்கம் திரும்பினாள். "நான் அவருக்கு யாருங்க?"

அந்தம்மாள் பள்ளத்தைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். "கலைக்குழு," என்றார்.

"கலைக்குழு கயிறு பிடிக்கலாங்களா?"

"அதுக்குத் தடை ஒண்ணும் இல்ல."

அக்கா பிடித்தாள். கயிறு நின்றது. தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அக்கா இழுக்கவில்லை. காலை அகட்டி ஊன்றிக்கொண்டு கீழே குரல் கொடுத்தாள்.

"யாரு அங்க தொங்கறது?"

"நான்தான்!"

"நான்தான்னா?"

தேனீக்களின் இரைச்சல்தான் கேட்டது. "நான் ரொம்பத் தொன்மையானவன்" என்றார் மாமா.

"கல்லும்தான் தொன்மை. நீங்க யாரு?"

"நான் ரொம்பப் பெரியவன்."

"அதனாலதான் கயிறு இந்தக் கனம் கனக்குது. யாருன்னு கேட்டேன்."

"நான்... சுயம்பு."

"சுயம்புவுக்கு எதுக்குங்க கயிறு?"

இவ்வளவும் அவர் சட்டை மைக் வழியாக மைதானத்து ஒலிபெருக்கியில் போய்க்கொண்டிருந்தது. கைதட்டுகிறவர்கள் எந்த இடத்தில் தட்டுவது என்று தெரியாமல் கையை விரித்தபடி நின்றிருந்தார்களாம். பிறகு கேள்விப்பட்டேன்.

"அம்மா," என்றார் மாமா. இப்போது குரலில் மேடை இல்லை. "எனக்கு நான் யாருன்னு தெரியலம்மா. பயமா இருக்கு."

அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். அவள் கை நரம்பெல்லாம் புடைத்திருந்தது. அவளுக்கும் பயம்தான். எனக்குத் தெரியும்.

"கேத்தா," என்றாள் என்னிடம். "நம்ம ஊருக்குள்ள தெரியாத ஆள் வந்தா என்ன கேப்போம்?"

"யார் வீட்டு ஆளுன்னு கேப்போம்."

அக்கா மறுபடி குனிந்தாள். அதட்டவில்லை. வாசலில் வந்து நிற்கிறவரிடம் கேட்பதுபோலக் கேட்டாள்.

"நீங்க யாருன்னு தெரியலன்னா போகட்டும். யார் வீட்டு ஆளு?"

தேனீக்கள் அடங்கின. தாழ்வாரம் நீளுவதை நிறுத்தியது. சுகுணவதி அம்மாள் என் தோளைப் பிடித்துக்கொண்டார். நகம் பதிந்தது.

"கெம்பி," என்றார் மாமா.

மைதானத்தில் ஒலிபெருக்கியும் சொன்னது. பஸ் ஸ்டாண்டிலும் சொன்னது. பள்ளிக்கூடத்திலும் சொன்னது.

"கெம்பி வீட்டு ஆளுங்க."

அக்கா அழுதாள். கயிற்றைப் பிடித்திருந்ததால் கண்ணைத் துடைக்க முடியவில்லை. அப்படியே அழுதாள். சந்தோஷமும் இருந்தது, இத்தனை நாள் கோபமும் இருந்தது. கொஞ்ச நேரம் அவரைத் தொங்கவிட்டுத்தான் வைத்தாள்.

பிறகு கயிற்றை என் கையில் திணித்தாள்.

"நீ பிடிடா. இனி நான் தொடக் கூடாது."