அண்ணி நல்லவிதமாகப் பேசிய நாள்

"நீ அடுக்கினா ஒரு தனி அழகுதான்டி" என்று அண்ணி சொன்னதைக் கேட்டு, கையில் இருந்த பெட்டியைக் கீழே போடப் பார்த்தேன். அண்ணி என் கணவரின் அக்கா. நான் அந்த வீட்டுக்கு வாழ வந்த நாளிலிருந்து நான் செய்த ஒரு காரியத்தையாவது அவள் வாய் நன்றாயிருக்கிறது என்று சொன்னதில்லை. நான் மடித்த துணியை உதறி மறுபடி மடிப்பாள். நான் பூட்டிய கதவை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் படுப்பாள். வீட்டில் பட்டது போதாதென்று வேலைக்கும் இருவரும் ஒரே இடத்தில் போய்ச் சேர்ந்தோம். என் தலையெழுத்து, வேறென்ன சொல்ல?

வேலை ஒரு பழைய காகிதக் கிடங்கில். வரைபடங்களும் கையெழுத்துப் புத்தகங்களும் அட்டைப் பெட்டிகளில் கூரை வரை அடுக்கியிருக்கும். நெருப்புப் பிடித்துவிடக் கூடாது என்று உள்ளே குழாய் வழியாக நைட்ரஜனை விட்டு, காற்றில் ஆக்ஸிஜனைக் குறைத்து வைத்திருப்பார்கள். மனுஷருக்கு ஒன்றும் ஆகாது, மலைமேல் ஏறி நிற்கிற மாதிரி இருக்கும், அவ்வளவுதான் என்று வேலைக்குச் சேரும்போது சொன்னார்கள். மலைமேல் எல்லோரும் ஒரே மாதிரி நிற்பதில்லை என்பதைச் சொல்லவில்லை. எனக்கு உள்ளே போன கொஞ்ச நேரத்தில் நெற்றிப்பொட்டு தெறிக்க ஆரம்பித்துவிடும். ஏணியில் நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும். அண்ணி என்னைவிடப் பத்து வயது மூத்தவள், விறுவிறுவென்று ஏறி இறங்கிவிட்டு, "அதுக்குள்ள என்னடி புஸ்ஸு புஸ்ஸுன்னு? இந்தக் காலத்துப் பொண்ணுங்க உடம்பே இவ்வளவுதான்" என்பாள். தலைவலி என்றால் என்னவென்று தனக்குத் தெரியாது என்பதில் அவளுக்கு அப்படியொரு பெருமை.

உள்ளே ஜோடியாகத்தான் போக வேண்டும், வெளியே வரும் வரை பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். அது அங்கே சட்டம். ஒருத்தர் பேச்சு குழறினாலோ நின்றாலோ மற்றவர் இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட வேண்டும். மற்ற ஜோடிகள் பேச விஷயம் தீர்ந்துபோய் சினிமாப் பாட்டு பாடுவார்கள். எங்களுக்கு அந்தக் கஷ்டமே வந்ததில்லை. "உங்க ரெண்டு பேரைப் பத்தி மட்டும் எனக்குக் கவலையே இல்லம்மா. நீங்க போடுற சண்டை இங்க வரைக்கும் கேக்குது" என்று சூப்பர்வைசர் சிரிப்பார்.

அன்று நாங்கள் கடைசி வரிசையில் இருந்தோம். எனக்குத் தலைவலி வழக்கத்தைவிட மோசமாக இருந்தது. கதவுப்பக்கம் எட்டிப் பார்த்தால் ஆக்ஸிஜனை அளக்கிற மீட்டரில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. சரி, ராத்திரி தூக்கம் போதவில்லை போல என்று நினைத்துக்கொண்டேன். முனகினால் இன்னொரு பாட்டு வாங்க வேண்டியிருக்கும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு அடுக்கினேன். அப்போதுதான் அண்ணி அதைச் சொன்னாள். சொன்னதோடு நிற்கவுமில்லை.

"உன்னையே கட்டிக்கச் சொன்னது நான்தான், தெரியுமா? தம்பி யோசிச்சுக்கிட்டே நின்னான். நான்தான்டா சொல்றேன், இவளைவிட நல்லவ கிடைக்க மாட்டான்னு சொன்னேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தச் சம்பந்தம் அவளுக்குப் பிடிக்கவேயில்லை என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்துக்கொண்டிருந்தேன். பொய் சொல்வானேன், இன்னும் இரண்டு வார்த்தை வரட்டுமே என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன்.

"நீ வந்தப்புறம்தான் எனக்கு வாய்விட்டுப் பேச ஒரு ஆள் கிடைச்சுது" என்றாள் அண்ணி. பேச்சு குழறவில்லை. முகம் முழுக்கச் சிரிப்பு. கை மட்டும் ஒரே பெட்டியை அலமாரியில் வைத்தது, எடுத்தது, மறுபடி அங்கேயே வைத்தது. விளக்கடியில் அவள் திரும்பியபோது உதடுகளைப் பார்த்தேன். நாவல்பழம் தின்ற மாதிரி நீலம் பாரித்திருந்தன.

ஐயோ, இவளுக்கு மூச்சுக்காற்று போதவில்லை! "அண்ணி, வெளிய போலாம் வாங்க."

"எதுக்குடி? இவ்வளவு சந்தோஷமா இருந்து எத்தனை நாளாச்சு" என்று ஏணிப்படியில் உட்கார்ந்துகொண்டாள்.

கையைப் பிடித்து இழுத்தேன், அசையவில்லை. தள்ளுவண்டியில் இருந்த பெட்டிகளையெல்லாம் தரையில் சரித்துவிட்டேன். நூறு வருஷத்து வரைபடமாவது, மண்ணாங்கட்டியாவது! கட்டிப் பிடித்து அவளை வண்டியில் சாய்த்துத் தள்ளினேன். கண் இருட்டிக்கொண்டு வந்தது. அவள் தலை தொங்கி ஆடியது. "அண்ணி, திட்டுங்க. என்னைத் திட்டுங்க அண்ணி" என்று கத்திக்கொண்டே தள்ளினேன். அவள் திட்டவில்லை. கதவை வண்டியாலேயே முட்டித் திறந்தது நினைவிருக்கிறது. பிறகு நடையில் தரையோடு தரையாக விழுந்து கிடந்தேன்.

விரலில் கிளிப் மாட்டி இரத்தத்தில் ஆக்ஸிஜன் எவ்வளவு என்று பார்த்தார்கள். எனக்குத் தொண்ணூறுக்குக் கொஞ்சம் கீழே. அவளுக்கு எழுபதைத் தொடவில்லை. இரண்டு பேரும் ஒரே காற்றைத்தான் சுவாசித்திருந்தோம். கடைசி வரிசைக்கு மேலே இருந்த நைட்ரஜன் குழாய் மூடாமல் திறந்தபடி நின்றுவிட்டதாம். மீட்டர் கதவோரமாக உட்கார்ந்துகொண்டு நல்ல காற்றை அளந்துகொண்டிருந்திருக்கிறது.

முகமூடி வைத்து ஆக்ஸிஜன் கொடுத்ததும் அண்ணி கண் விழித்துவிட்டாள். ஆனால் ஆஸ்பத்திரியில் சோதனை முடியும் வரை கையை நெஞ்சிலேயே வைத்திருந்தாள். அவளுடைய அப்பா, என் மாமனார், நாற்காலியில் உட்கார்ந்திருந்தபடியே இதயம் நின்று போனவர். ஓடி வந்த என் கணவர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். மூன்று பேர் மனதிலும் அதே நாற்காலிதான் இருந்தது.

டாக்டரம்மா வந்து கட்டிலோரம் உட்கார்ந்தார். "இதயமும் நுரையீரலும் சுத்தமா இருக்கும்மா. பயப்பட ஒண்ணுமில்ல. காத்து குறைஞ்சா உங்க தம்பி வீட்டுக்காரம்மா உடம்பு கூப்பாடு போடுது. தலை வலிக்கும், மூச்சு வாங்கும். உங்க உடம்பு கூப்பாடு போடாது, சிரிச்சுக்கிட்டே விழுந்துரும். இது வியாதி இல்ல, உடம்பு வாகு. அந்தக் கிடங்குக்குள்ள மட்டும் இனிமே போகாதீங்க."

அப்பாடா! என் கணவர் இருந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. இடியாய் இடித்த தலைவலியை அன்றுதான் முதல்முறையாக மனதாரக் கும்பிட்டேன்.

அவர் மருந்து வாங்கப் போனதும் அண்ணி என் பக்கம் திரும்பினாள். "உள்ள நான் ஏதாவது உளறினேனா?"

அந்த முகத்தைப் பார்த்தேன். "இல்லையே. எப்பவும் போலத் திட்டிக்கிட்டுதான் இருந்தீங்க."

நம்பினாளா என்று தெரியவில்லை. கொஞ்ச நேரம் போர்வை நுனியை நீவிக்கொண்டிருந்தாள். பிறகு ஆரம்பித்தாள். "அதுக்காகச் சரக்கு வண்டியிலயா போட்டுத் தள்ளிட்டு வருவ? அத்தனை பேரும் பாக்க? மூளைன்னு ஒண்ணு இருக்கா உனக்கு?"

திட்டு ஒவ்வொன்றும் உள்ளே இறங்க இறங்க உடம்பு லேசாகிக்கொண்டே வந்தது. நிறுத்திவிடப் போகிறாளே என்றிருந்தது.

"கைய காட்டு" என்றாள் திடீரென்று. விரல் முட்டிகளில் தோல் உரிந்து இரத்தம் காய்ந்திருந்ததை அப்போதுதான் நானும் பார்த்தேன். கதவில் இடித்திருக்க வேண்டும். "இது கூடத் தெரியலையா உனக்கு?" என்று வெடுக்கென்று கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, குனிந்து, ஊதினாள். திட்டுவதற்காக நிறுத்தி, மூச்சை நன்றாக இழுத்து, மறுபடி ஊதினாள்.