பார்த்து வைக்காத படம்

ரிமோட்டைக் கையில் எடுத்த சித்தி, அதை அமுக்காமல் பிள்ளைகளைத் திரும்பிப் பார்த்தாள். போன ஞாயிறு மூத்தவள் கறாராகச் சொல்லிவிட்டாள்: "அடுத்த வாரமும் போரடிச்சா, இனிமே எங்களைக் கூப்பிடாதீங்க. நாங்க எங்க ரூம்லயே இருந்துக்கிறோம்." அக்காள் வாயைத் திறந்தாலே தலையாட்டும் தம்பி, அதற்கும் ஆட்டினான்.

அம்மாவை இழந்த பிள்ளைகள். இவள் இரண்டாந்தாரமாக வந்து ஒரு வருஷமாகியும், வாயால் சித்தி என்பார்களே தவிர மனசு ஒட்டவில்லை. பக்கத்தில் உட்கார ஞாயிற்றுக்கிழமை மத்தியானமும் ஓர் ஆவணப்படமும்தான் அவளுக்குக் கிடைத்த சாக்கு. அதையும் அவளே கெடுத்துக்கொண்டிருந்தாள். மருந்துக்கடையில் வேலை, அட்டையைத் திருப்பித் தேதி பார்க்காமல் ஒரு மாத்திரைகூட அவள் கையை விட்டுப் போகாது. அந்தப் புத்தி வீட்டுக்கும் வந்துவிட்டது. ஒவ்வொரு படத்தையும் முன்கூட்டியே தனியாகப் பார்த்து வைப்பாள். சாவு வரும் இடத்தைத் தாண்டி ஓட்டிவிடுவாள். கொஞ்சம் பதற்றமான காட்சி என்றால், "பயப்படாதீங்க, கரடிக்குட்டி தப்பிச்சிடும்" என்று முந்திக்கொள்வாள். அப்புறம் கரடி தப்பித்தால் என்ன, தப்பிக்காவிட்டால் என்ன? பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள்.

இந்த வாரம் கடையில் சரக்குக் கணக்கெடுப்பு, மூச்சுவிட நேரமில்லை. வந்தது வரட்டும் என்று, பாறை விளிம்பில் வாத்துக்குஞ்சு நிற்கும் ஒரு படத்தை அமுக்கிவிட்டாள்.

மலை உச்சியில் கூடு. தின்னப் புல் இருப்பதோ அதலபாதாளத்தில், ஆற்றங்கரையில். இறக்கை முளைக்காத குஞ்சுகள் குதித்துத்தான் ஆகவேண்டும். தாய் முதலில் பறந்து இறங்கி, கீழிருந்து கூப்பிட்டது.

"செத்துடுமா சித்தி?" என்றான் தம்பி.

"தெரியலைடா. நானும் இன்னும் பாக்கலை."

மூத்தவள் விருட்டென்று திரும்பினாள். "நிஜமாவா?"

"சத்தியமா."

அவள் காலை மடக்கிக்கொண்டு சித்தியின் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள்.

முதல் குஞ்சு குதித்தது. பாறையில் மோதி, உருண்டு, எழுந்து ஓடியது. அடுத்தது எழவில்லை. பழக்கதோஷத்தில் சித்தியின் விரல் ரிமோட்டைத் தேடியது. மூத்தவள் அந்தக் கையை அழுத்திப் பிடித்தாள்.

"ஓட்டாதீங்க சித்தி. சாவுன்னா என்னன்னு எங்களுக்குத் தெரியும்."

இத்தனை நாளும் பயந்தது பிள்ளைகள் அல்ல, தான்தான் என்று சித்திக்கு அப்போதுதான் உறைத்தது. ரிமோட்டைக் கீழே வைத்தாள். மூத்தவள் கையை எடுக்கவில்லை.

கடைசிக் குஞ்சுக்கு மனசே வரவில்லை. எட்டிப் பார்த்தது, பின்வாங்கியது, மறுபடி எட்டிப் பார்த்தது. திடீரென்று குதித்துவிட்டது. விழுந்த இடத்தில் அசையாமல் கிடந்தது.

"எந்திரிடா! எந்திரி தங்கம்!" கத்தியது சித்திதான்.

குஞ்சு உடம்பைச் சிலிர்த்துக்கொண்டு எழுந்து தாயைப் பார்த்து ஓடியது. மூவரும் போட்ட கூச்சலில், முகமெல்லாம் சவர நுரையோடு அப்பா ஓடிவந்தார்.

"யாருக்கு என்ன ஆச்சு?"

"பொழச்சிடுச்சுப்பா!"

தம்பி சோபாவின் கைப்பிடியில் ஏறி, கையை விரித்துக் குதித்தே விட்டான். சித்தி தாவிப் பிடித்தாள். அவனை இறக்கிவிட்டு நிமிர்ந்தால், அங்கே மூத்தவள் ஏறி நிற்கிறாள்.

"நான் கனமா இருப்பேன் சித்தி."

"வாடி, பாத்துக்கலாம்" என்று சித்தி காலை அகட்டி ஊன்றிக்கொண்டு இரண்டு கைகளையும் விரித்தாள்.