ஜெபசீலியின் திருகு

தர்மபுரி தனி மாவட்டமாகி இரண்டு மூன்று வருஷம் ஆகியிருந்தது. கெலமங்கலம் சந்தைத் தெருவில் ஜெபராஜ் தையற்கடை வைத்திருந்தான். வேலை கூடியதும் மனைவி ஜெபசீலிக்கும் ஒரு மெஷின் வாங்கிப் பக்கத்தில் போட்டான். கொஞ்ச நாளிலேயே பெண்கள் அவனைத் தாண்டிப் போய் அவளிடம் துணி கொடுத்தார்கள். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டான். டெர்லின் சட்டைக்கு அளவு கொடுக்க வந்த பிரகாசம் வாத்தியார், காலரை மட்டும் உங்கள் வீட்டம்மா தைக்கட்டுமே என்று சொன்ன அன்று அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த வாரம் நிலபுலன் உள்ள வீட்டுச் சரோஜம்மாள், மகள் கல்யாணத்தில் தான் போட்டுக்கொள்ளப் பட்டு ரவிக்கைத் துணி கொடுத்திருந்தாள். ஜெபசீலி துண்டுத் துணியில் ஓட்டிப் பார்த்து, மேல்நூலும் அடிநூலும் துணிக்கு நடுவில் பின்னிக்கொள்ளும்படி இறுக்கத்தைச் சரிசெய்துவிட்டுத் தண்ணீர் பிடிக்கப் போனாள். ஜெபராஜ் கை நீட்டி மேல்நூல் திருகை இறுக்கினான். அதிகமில்லை. தைக்கும்போது நூல் அறாத அளவுக்குத்தான்.

அவள் திரும்பிவந்து ரவிக்கையின் கையை வைத்து மூட்டினாள். தையல் லேசாகச் சுருங்கியது. பட்டு அப்படித்தான், இஸ்திரியில் படிந்துவிடும் என்று சொல்லி அவனே தேய்த்தும் கொடுத்தான்.

பந்தலில் அட்சதை போடக் கையைத் தூக்கினாள் சரோஜம்மாள். விறைத்துக் கிடந்த நூல் நீண்டுகொடுக்கவில்லை. அக்குளில் தையல் படபடவென்று விட்டது. சம்பந்தி வீட்டார் முன்னால் முந்தானையைப் போர்த்திக்கொண்டு நின்றாள்.

மறுநாள் ரவிக்கையைக் கொண்டுவந்து ஜெபசீலியின் மடியில் எறிந்தாள். இனி எவளும் உன்னிடம் துணி தரமாட்டாள் என்றாள். ஜெபசீலி தையலைத் திருப்பிப் பார்த்தாள். மேல்நூல் கம்பிபோல் நேராகக் கிடந்தது. அவளுக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும், "எம்மேலதாம்மா தப்பு" என்றாள்.

ஜெபராஜ் எதிர்பார்த்தது இதைத்தான். ஆனால் கண்ணைக்கூடத் துடைக்காமல் அவள் தையலைப் பிரிக்கத் தொடங்கியதை அவனால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"அவ தப்பில்லீங்கம்மா. சரியா இருந்த திருக நாந்தான் இறுக்கிட்டேன். எல்லாரும் அவளையே தேடி வர்றது எனக்குப் பொறுக்கல."

சரோஜம்மாள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "பொண்டாட்டி பேரக் கெடுக்க எம் மானந்தான் கெடச்சுதா?" என்று கேட்டுவிட்டு ஜெபசீலியிடம் திரும்பினாள். "நீயே தெச்சுக் குடு. இந்தாளு கை படக்கூடாது."

அவள் போனதும் ஜெபசீலி தன் மெஷினை எதிர்ச்சுவர்ப் பக்கம் இழுத்துப் போட்டாள். "இனிமே இதத் தொடாதீங்க" என்றாள். அவன் தலையாட்டினான். சட்டைத் துணியை விரித்து வெட்ட உட்கார்ந்தான். எதிர்ச்சுவர் மெஷின் தடங்கலில்லாமல் ஓடியது. அவனுக்கு வயிறு எரிந்தது.