கோழி முட்டையும் உபதேசியார் சம்பளமும்

என் வீட்டுக்காரர் பொன்னையன் எங்கள் சபையின் உபதேசியார். ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கம், வீட்டு ஜெபம், நோயாளியைப் பார்ப்பது, செத்தவர் குழியில் மண் போடுவது எல்லாம் அவர் தலையில்தான். மாதச் சம்பளம் தொண்ணூறு ரூபாய். அதற்கு முன் அவர் கொத்தனார். அந்த வருஷம் பாறசாலைப் பக்கத்தில் கொத்தனாருக்கு நாள் கூலி இருபது. ஐந்து நாள் கரண்டி பிடித்தால் வருகிறதைவிடக் குறைந்த காசுக்கு இந்த மனிதர் முப்பது நாள் வேதப்புத்தகம் சுமந்தார்.

அதையும் பொறுத்தேன். கல்ஃப் பணம் வந்து சபை கோபுரம் கட்டத் தொடங்கியதும், உபதேசியாருக்குத்தான் தொழில் தெரியுமே என்று செக்ரட்டரி விஜயதாஸ் பல்லைக் காட்டினார். அன்றிலிருந்து மத்தியானத்துக்கு மேல் இவரும் சாரத்தில். பக்கத்தில் நின்று கல் வைத்தவனுக்குச் சனிக்கிழமை கூலி. இவருக்குக் கர்த்தர் தருவாராம். கர்த்தர் பெயரைச் சொல்லி மிச்சம் பிடித்தது கமிட்டி.

எங்கள் மகள் நேசம் பத்தாம் வகுப்பு ஜெயித்துவிட்டுச் சும்மா இருந்தாள். நெய்யாற்றின்கரையில் டைப் படிக்க அவளை அனுப்ப எங்களிடம் வழியில்லை. சம்பளத்தை நூற்றைம்பது ஆக்கித் தரும்படி மனு கொடுத்தோம். அறுப்பின் பண்டிகையன்று காலையில் பதில் சொன்னார்கள். ஊழியக்காரன் கூலி பார்க்கக் கூடாதாம்.

ஆராதனை முடிந்து காணிக்கைப் பொருள்களின் ஏலம். கூவி ஏலம் விடுவதும் உபதேசியார் வேலை. வெறுங்கையோடு போனால் பேச்சு வரும் என்று, என் கோழி அன்று இட்ட ஒரே முட்டையைக் கொண்டுபோய் வைத்திருந்தேன். துபாயிலிருந்து வந்த ராபின்சனுக்கும் அவன் மச்சானுக்கும் அந்த முட்டையில் வீம்பு வந்துவிட்டது. ஐம்பது, எண்பது, நூறு என்று ஏறியது. நூற்றுப்பத்துக்கு மூன்றாம் தரம் கூவியது என் வீட்டுக்காரரின் வாய். எல்லாரும் கை தட்டினார்கள்.

பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்து நின்றேன்.

“எனக்க கோழி ஒரு நாளு இட்டதுக்கு நூற்றிப்பத்து. எனக்க மாப்பிள மாசம் முழுக்க ஓடுயதுக்கு தொண்ணூறு. இவர நீங்க என்னவாட்டு வச்சிருக்கிய?”

உட்காரச் சொன்னார்கள். நான் நேசத்தின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே நடந்தேன்.

வீட்டில் என்னைத் திட்டுவார் என்று இருந்தேன். அவர் திட்டவில்லை. மறுநாள் காலை எட்டு மணிக்கே கரண்டியோடு சாரத்தில் ஏறினார். சனிக்கிழமை மற்றவர்களோடு வரிசையில் நின்று கையை நீட்டினார். உபதேசியாருக்குக் கூலியா என்று விஜயதாஸ் திகைத்தார்.

“உபதேசியாருக்கு வேண்டாம். கொத்தனுக்குத் தாருங்க.”

ஆறு நாளுக்கு நூற்றிருபது. அதை அப்படியே கொண்டுவந்து நேசத்தின் கையில் வைத்தார்.

அன்று சாயங்காலம் விஜயதாஸ் எங்கள் முற்றத்தில் வந்து நின்றார். இவர் கிணற்றடியில் கையிலிருந்த சிமெண்டைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார், திரும்பவில்லை. நாளைக்கு யார் பிரசங்கம் செய்வது என்று செக்ரட்டரி என்னிடம் கேட்டார்.

“எனக்க கோழி கூட்டில கெடக்கு,” என்றேன். “கொண்டு போங்க.”