போன தடவை போட்ட கட்டம்

"உன் கையாலதான் எடுக்கணும்னு காத்துகினு கீறோம் தம்பி," என்றாள் வேண்டா. காலை ஷிப்டில் இருந்தவனை எடுக்கவிடமாட்டேன் என்று, செங்கல்பட்டு ஸ்கேன் சென்டரின் இரும்பு பெஞ்சில் புருஷனோடு நாலு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறாள். "ராசியான கைப்பா. போன தடவ நல்லபடியா வந்துச்சு. அதே மாதிரி எடுத்துக் குடு."

ராசியாம், ராசி. டெக்னீஷியன் பார்த்திபனுக்கு எரிச்சலாக வந்தது. அவள் புருஷன் உலகநாதன் இடது காலை இழுத்துக்கொண்டு உள்ளே வந்தான். ஆறு மாதத்துக்கு முன்பு வெறும் தலைவலி என்று, சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து ஷேர் ஆட்டோவைத் தானே ஓட்டிக்கொண்டு வந்தவன்.

மூளைக் கட்டிக்குள் எந்த ரசாயனம் எவ்வளவு இருக்கிறது என்று கத்தி வைக்காமலே அளக்கிற ஸ்கேன் அது. டெக்னீஷியன் கட்டியின் மேல் ஒரு கட்டம் போடவேண்டும். அதற்குள் இருப்பதைத்தான் மெஷின் அளக்கும். கட்டியைத் தாண்டாமல் சின்னதாகப் போட்டால் அளவு சரியாக வரும், நேரம் பிடிக்கும். பெரிதாகப் போட்டால் சீக்கிரம் முடியும், ஆனால் நல்ல மூளையும் சேர்ந்து கலந்துவிடும்.

இன்று சின்னதாகப் போட்டான். பத்து நிமிடம் ஆயிற்று. கட்டி வேகமாக வளர்ந்தால் கோலின் என்ற ரசாயனம் ஏறும். திரையில் கோலின் கோடு மற்றதையெல்லாம் கீழே விட்டுவிட்டு நெட்டுக்குத்தாக நின்றது.

பழைய படத்தைத் திறந்தான். திறக்காமலே இருந்திருக்கலாம். அவன் போட்ட கட்டம், பாதி கட்டியில், பாதி நல்ல மூளையில் கிடந்தது. அன்று வெளியே பதினோரு பேர். மேனேஜர் இரண்டு தரம் கதவைத் தட்டினார். கலந்த அளவில் கோலின் அடங்கிப்போய், சாதுவான கட்டி, ஆறு மாதம் கழித்துப் பார்க்கலாம் என்று ரிப்போர்ட் போனது. இன்று, இந்த ஆறு மாதத்தில் வளர்ந்துவிட்டது என்று எழுதுவார்கள். பழைய கட்டத்தை எவனும் தேடிப் பார்க்கப்போவதில்லை. அப்படி நினைத்ததும் வந்த நிம்மதியில் அவனுக்குத் தன்மேலேயே வெறுப்பு வந்தது. பாவி, ஐந்து நிமிடத்தை மிச்சம் பிடித்து ஆறு மாதத்தைத் தின்றுவிட்டேனே.

சொல்லிவிடுவது என்றுதான் வெளியே வந்தான்.

"அக்கா, போன தடவ நான்..."

"ஒண்ணுமில்லக்கா, பயப்படாதன்னு சொன்ன. அந்த ஒரு வார்த்தையிலதான் இத்தினி நாளு தூங்கிக்கினு கீறேன். இன்னிக்கும் உன் வாயால சொல்லு."

வலது செருப்பை மாட்டிவிட்டு, இடது செருப்பைக் காலால் துழாவிக்கொண்டிருந்தான் உலகநாதன். அது நகர்ந்து நகர்ந்து போனது. வேண்டா பார்த்திபனின் கையைப் பிடித்து இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டாள். பிறகும் விடாமல், அவன் முகத்தையே பார்த்தபடி நின்றாள்.